பிரியத் தெரிந்த பிணைப்புகள்

2006 மார்ச்சில் 'நேச்சர்' இதழின் அட்டையில் சிரித்த முகங்கள் வந்தன. ஸ்டிக்கர்களில் பார்க்கிறோமே, இரண்டு கண்ணும் வளைந்த வாயுமாக, அதே முகம். ஒன்றின் விட்டம் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் குறுக்கே வரிசையாக நிறுத்தினால் ஐநூறு முகங்களாவது இடம்பிடிக்கும். ஒரு சொட்டு நீரில் ஏறக்குறைய 5,000 கோடி முகங்கள் மிதந்தன. செய்தவர் அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்தில் இருந்த பால் ராத்தமண்ட். கட்டுரையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. இந்தக் காலத்து அறிவியலில் அதுவே அபூர்வம். செய்முறையோ ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியது: டி.என்.ஏ. இழைகளை மெக்னீசியம் உப்பு கலந்த நீரில் போட்டு, 95 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, 20 டிகிரிக்கு ஆறவிட வேண்டும். இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

முகத்தை யாரும் செதுக்கவில்லை. கணினிச் சில்லு செய்யும்போது ஒளியைப் பாய்ச்சி, அமிலத்தால் அரித்து, மேலிருந்து கீழாக வடிவத்தை வெட்டி எடுக்கிறார்கள். இங்கே நேர் எதிர். மூலக்கூறுகள் நீரில் முட்டி மோதி, தம் ஜோடியைத் தாமே கண்டுபிடித்து, வடிவத்தைக் கட்டிவிடுகின்றன.

இயற்கைக்கு இது பழைய வித்தை. 1955-இல் பெர்க்லியில் ஹைன்ஸ் ஃப்ரேங்கல்-கான்ராட், ராப்ளி வில்லியம்ஸ் இருவரும் புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸை ஆர்.என்.ஏ. வேறு, புரதம் வேறு எனப் பிரித்தெடுத்தார்கள். இரண்டையும் மறுபடி சோதனைக் குழாயில் கலந்தபோது 300 நானோமீட்டர் நீளமுள்ள அதே குச்சி வடிவ வைரஸ் திரும்ப உருவானது. செடியில் நோயையும் உண்டாக்கியது. ஒரே வகைப் புரதம் 2,130 பிரதிகளாக ஆர்.என்.ஏ.வைச் சுற்றிச் சுருண்டு அடுக்கியிருந்தது. உப்புப் படிகமும் இப்படித் தானாகவே கூடுகிறது. ஆனால் உப்பிலும் சரி, அந்த வைரஸின் உறையிலும் சரி, துண்டுகள் எல்லாம் ஓரிரு அச்சுதான். ஒரே அச்சுத் துண்டுகளில் எது எங்கே போனாலும் பாதகமில்லை. சிரித்த முகத்தில் அப்படியல்ல. கண்ணோரத்துத் துண்டு கண்ணோரத்துக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலாசம் வேண்டும், அந்த விலாசத்தை அது தானே படித்துக்கொள்ளவும் வேண்டும்.

டி.என்.ஏ. இந்த வேலைக்குப் பொருந்துவது அங்கேதான். பள்ளியில் படித்த விதி போதும்: அடினைன் தைமினோடு சேரும், குவானைன் சைட்டோசினோடு சேரும். நான்கே எழுத்து. ஆனால் 20 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை ஒரு லட்சம் கோடிக்கும் அதிகமான விதங்களில் எழுதலாம். அத்தனையும் தனித்தனி விலாசங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர் இழை எதுவென்று காகிதத்தில் எழுதிப் பார்த்தே சொல்லிவிடலாம். புரதங்களில் 20 எழுத்துகள் உண்டு. எது எதோடு ஒட்டும் என்று சொல்ல இத்தனை எளிய விதி கிடையாது. டி.என்.ஏ.வின் அளவுகளும் பொறியாளருக்குப் பிடித்தமானவை. இரட்டைச் சுருளின் தடிமன் 2 நானோமீட்டர். எழுத்துக்கு எழுத்து 0.34 நானோமீட்டர். 10.5 எழுத்துக்கு ஒரு முழுச் சுற்று. வேண்டிய எழுத்துவரிசையைக் கணினியில் தட்டிக் கொடுத்தால் செயற்கையாகத் தயாரித்து அஞ்சலில் அனுப்பும் நிறுவனங்களும் இருக்கின்றன.

ஒரு சிக்கல், டி.என்.ஏ. என்பது வெறும் கோடு. இரண்டு கோடுகள் சேர்ந்தால் தடித்த கோடு கிடைக்கும், வடிவம் கிடைக்காது.

இந்தச் சிக்கலை உடைத்தவர் நேட்ரியன் சீமன். எல்லாரும் நெட் என்றே அழைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி பல்கலைக்கழகத்தில் படிகவியல் ஆய்வாளராக இருந்தவர். ஒரு மூலக்கூறின் வடிவத்தை எக்ஸ் கதிரால் அறிய வேண்டுமானால் முதலில் அது படிகமாக வேண்டும். புரதங்கள் லேசில் படிகமாவதில்லை. எந்தக் கரைசலில், எந்த வெப்பத்தில் படியும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாமல் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். சீமன் இந்தக் காத்திருப்பில் நொந்துபோயிருந்தார். 1980-இன் இலையுதிர்காலத்தில் ஒரு நாள் பல்கலைக்கழக வளாகத்து மதுக்கடைக்குப் போய் உட்கார்ந்து ஆறு கைகள் கொண்ட டி.என்.ஏ. சந்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, டச்சு ஓவியர் எஷர் 1955-இல் செய்த 'ஆழம்' என்ற படம் நினைவுக்கு வந்தது. மீன்கள் முப்பரிமாணத்தில் வரிசை வரிசையாகப் பறக்கும் படம். ஒவ்வொரு மீனுக்கும் தலை, வால், மேலும் கீழும் துடுப்பு, இடமும் வலமும் துடுப்பு என ஆறு திசைகள். ஆறு கைகளுள்ள சந்தியும் அதேபோல அண்டைச் சந்திகளின் கையைப் பற்றிக்கொண்டால் அது ஒரு படிகம். அந்தப் படிகத்தின் வெற்றிடங்களில் புரதத்தை விருந்தாளியாக உட்கார வைத்தால், புரதம் தானாகப் படியக் காத்திருக்க வேண்டாம்.

இரு டி.என்.ஏ. துண்டுகள் ஒன்றோடொன்று இழை மாற்றிக்கொள்ளும்போது நான்கு கைச் சந்தி உருவாகும் என்பது அப்போதே தெரிந்த செய்தி. பிரிட்டிஷ் மரபியலாளர் ராபின் ஹாலிடே 1964-இல் சொன்னது. ஆனால் உயிரணுவில் அந்தச் சந்தி ஓரிடத்தில் நிற்காது. இரு பக்கத்து எழுத்துகளும் ஒன்றாக இருப்பதால் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே போகும். சீமன் நான்கு கைகளுக்கும் வெவ்வேறு எழுத்துவரிசை கொடுத்தார். வழுக்கினால் ஜோடி பொருந்தாது. ஆகவே சந்தி நின்ற இடத்திலேயே நிற்கும். 1982-இல் இந்த யோசனையைக் கட்டுரையாக வெளியிட்டார். பல வருடங்கள் அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

1991-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சீமனும் ஜங்ஹுவே சென்னும் டி.என்.ஏ.வால் ஒரு கனசதுரம் கட்டினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான். அந்தக் கனசதுரத்தை அவர்கள் கண்ணால் பார்க்கவே இல்லை. ஒரு விளிம்பு ஏழு நானோமீட்டர்தான். அதைப் படம்பிடிக்கத் தோதான கருவி அன்று அவர்கள் கையில் இல்லை. ஆறு முகங்களுக்கும் ஆறு மூடிய வளையங்கள், ஒவ்வொன்றும் பக்கத்து நான்கோடு கோத்துக்கொண்டிருக்கும் என்பது திட்டம். குறிப்பிட்ட விளிம்பை நொதியால் வெட்டினால் எந்தெந்த வளையங்கள் மிஞ்ச வேண்டும் என்று கணக்குப் போட்டு, வெட்டியதை ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்துப் பார்த்தார்கள். கணக்கில் வந்த துண்டுகளே ஜெல்லிலும் வந்தன. பார்க்காத பொருளை முடிச்சுக் கணக்காலேயே நிரூபித்த வேலை அது.

கனசதுரத்தின் மூலைகள் மட்டும் தளர்ந்திருந்தன. நான்கு கைச் சந்திகளும் அப்படித்தான், வளைந்து நெளியும். படிகம் வேண்டுமானால் விறைப்பு வேண்டும். இரண்டு சுருள்களை இரண்டு இடங்களில் பின்னிப் போட்ட ஓடுகளால் அது கைகூடியது. 1998-இல் சீமனும் எரிக் வின்ஃப்ரீயும் அந்த ஓடுகளைத் தரைபோலப் பரப்பினார்கள். வின்ஃப்ரீ கணினி அறிவியலில் இருந்து வந்தவர். ஓடுகள் ஓரம் பொருந்தி அடுக்கப்படுவதே ஒருவகைக் கணக்கீடு என்பது அவர் கட்சி. 2019-இல் அவரும் கூட்டாளிகளும் 355 டி.என்.ஏ. ஓடுகளின் தொகுப்பிலிருந்து வேண்டியதைப் பொறுக்கிப் போட்டு 21 வெவ்வேறு நிரல்களை ஓட்டிக் காட்டினார்கள்.

இவ்வளவு தூரம் வந்தபின் ஒன்றைக் கேட்டாக வேண்டும். லட்சக்கணக்கான கோடி துண்டுகள் மோதிக்கொள்ளும் கரைசலில் ஏன் எல்லாம் தப்பும் தவறுமாக ஒட்டிக்கொண்டு கூழாகிவிடுவதில்லை? 20 எழுத்தில் ஐந்தாறு எழுத்து பொருந்தும் தவறான ஜோடிகள் ஏராளமாக இருக்குமே. அவை முதலில் சந்தித்தால் ஒட்டத்தானே செய்யும்?

ஒட்டும். பிறகு விட்டுவிடும். தானாகக் கூடுவது மொத்தமும் இந்த 'விட்டுவிடும்' என்ற சொல்லில்தான் தொங்குகிறது. டி.என்.ஏ. எழுத்துகளைச் சேர்த்துப் பிடிப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகளும், எழுத்துகள் நாணய அடுக்குபோல் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது எழும் ஈர்ப்பும். தனித்தனியே இரண்டும் வலுவற்றவை. அறை வெப்பத்தில் நீர் மூலக்கூறுகள் இடிக்கும் இடியிலேயே எட்டு ஒன்பது எழுத்துப் பிடிப்பு ஒரு நொடி அளவில் கழன்றுவிடும். எழுத்து கூடக் கூட இந்த ஆயுள் மடங்கு மடங்காக நீளும். 20 எழுத்தும் பொருந்தினால் பிரியக் காத்திருந்து பயனில்லை. சரிக்கும் தவறுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு இறுக்கம் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதில்தான் தெரிகிறது. 95 டிகிரியில் எல்லாமே பிரிந்து கிடக்கும். மெல்ல ஆறும்போது முழுதாகப் பொருந்துகிற ஜோடிகளே முதலில் நிலைக்கும். அரைகுறைப் பொருத்தங்களுக்கு அந்த வெப்பம் இன்னும் அதிகம், அவை ஒட்டிய வேகத்தில் உதிரும். அவை நிலைக்கும் அளவுக்குக் கரைசல் குளிரும்போது அவற்றின் இடம் ஏற்கெனவே பறிபோயிருக்கும். பசைபோட்டு ஒட்டுகிற மாதிரி உடையாத பிணைப்பு இருந்திருந்தால் முதல் தவறே கடைசித் தவறாக உறைந்திருக்கும்.

மெக்னீசியம் எதற்கு என்பதும் இங்கே சேரும். டி.என்.ஏ.வின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின் சுமை. இரு சுருள்களைப் பக்கத்தில் கொண்டுவந்தால் விலக்கித் தள்ளும். இரட்டை நேர்மின் சுமையுள்ள மெக்னீசியம் இடையில் புகுந்து அந்த விலக்கலைத் தணிக்கிறது. நானோ வடிவங்களில் சுருள்கள் நெருக்கி அடுக்கப்படுவதால் மெக்னீசியம் குறைந்தால் பல வடிவங்கள் குலைந்துவிடும்.

ராத்தமண்டின் சாதனையை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அதன் துணிச்சல் புரியும். அதுவரை கட்டியவர்கள் இழைகளைத் தனித்தனியே சுத்தம் செய்து, ஒன்றுக்கு ஒன்று சமமாக அளந்து போட்டார்கள். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அரைகுறை வடிவங்கள் மிஞ்சும் என்ற பயம். ராத்தமண்ட் அளவையும் விட்டார், சுத்திகரிப்பையும் விட்டார். வடிவம் முழுவதற்கும் முதுகெலும்பாக அவர் எடுத்துக்கொண்டது, பாக்டீரியாவைத் தாக்கும் எம்13 என்ற வைரஸின் ஒற்றை இழை டி.என்.ஏ.; அதில் ஆய்வகங்கள் புழங்கும் வகையின் நீளம் 7,249 எழுத்து. வயலில் ஏர் இந்த வரப்பு வரை போய்த் திரும்பி அடுத்த சாலில் அந்த வரப்புக்கு வருகிறதே, அப்படி இந்த நீண்ட இழை வடிவத்தின் பரப்பு முழுவதும் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். அந்தச் சால்களைப் பக்கவாட்டில் பிணைத்துப் பிடிக்க இருநூற்றுக்கு மேற்பட்ட குட்டி இழைகள். பெரும்பாலானவை 32 எழுத்து நீளம். ஒரு குட்டி இழையின் ஒரு பகுதி ஒரு சாலில் பொருந்தும், மறு பகுதி அடுத்த சாலில் பொருந்தும். ஆங்காங்கே இப்படிக் குத்திப் பிணைப்பதால் அவற்றை ஸ்டேப்பிள் இழைகள் என்கிறார்கள். காகித மடிப்புக் கலையின் பெயரையே எடுத்து முறைக்கு டி.என்.ஏ. ஓரிகாமி என்று பெயர் வைத்தார்.

ஸ்டேப்பிள்களைப் பல மடங்கு கூடுதலாகக் கொட்டினார். அவை ஒன்றோடொன்று சேர எழுதப்பட்டவை அல்ல, நீண்ட இழையோடு மட்டும் சேரக்கூடியவை; ஆகவே மிஞ்சியவை சும்மா மிதக்கும். அஞ்சலில் வந்த இழைகளில் சில எழுத்துக் குறைந்து வந்திருக்கலாம். அப்படிப்பட்ட குறை இழை இடத்தைப் பிடித்துக்கொண்டாலும், முழு இழை வந்து ஓரத்திலிருந்து எழுத்து எழுத்தாகப் பிடித்து அதைத் தள்ளிவிடும். பக்கத்து ஸ்டேப்பிள் பொருந்தியதும் அடுத்ததற்கு வேலை இன்னும் சுலபம், ஏனென்றால் இரு சால்களும் அருகருகே வந்துவிட்டன. சதுரம், நட்சத்திரம், முக்கோணம், அமெரிக்கக் கண்டங்களின் வரைபடம் எல்லாம் அதே எம்13 இழையால் வந்தன. ஸ்டேப்பிள்கள் மட்டும் மாறின. வரைபடத்தின் அளவுகோல் ஒன்றுக்கு 200 லட்சம் கோடி. கோணல்மாணலாக வந்தவையும் உண்டு, அவற்றையும் அவர் எண்ணிச் சொல்லியிருக்கிறார்.

எதிர்பாராமல் வந்த ஒரு தொல்லையைக் குறிப்பிட வேண்டும். செவ்வகங்கள் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நீண்ட சங்கிலிகளாகின. யாரும் அப்படி எழுதவில்லை. ஓரங்களில் சுருள்களின் மொட்டை முனைகள் திறந்திருந்தன. அந்த முனைகளில் உள்ள எழுத்துகள் அண்டை வடிவத்தின் முனைகளோடு அடுக்கிக்கொண்டன. ஓரத்து ஸ்டேப்பிள்களை எடுத்துவிட்டாலோ, முனையில் சில தைமின்களைக் கொக்கிபோலத் தொங்கவிட்டாலோ இது அடங்கியது. ஐந்து வருடம் கழித்து அவரும் சங்வுக் வூவும் இதே தொல்லையை வேலைக்கு வைத்தார்கள். ஓரங்களைப் படிக்கட்டுபோல வெட்டி, படி படியோடு பொருந்தும் வடிவங்கள் மட்டும் ஒட்டுமாறு செய்தார்கள். எழுத்து பொருந்துவது ஒரு விலாசம் என்றால், வடிவம் பொருந்துவது இரண்டாவது விலாசம்.

முதுகெலும்பு இழையே இல்லாமலும் கட்டலாம் என்று 2012-இல் ஹார்வர்டில் பெங் யின் குழு காட்டியது. 32 எழுத்துக் குட்டி இழை ஒன்றே ஒரு செங்கல். அதற்கு நான்கு பிடிகள், பிடிக்கு எட்டே எழுத்து. ஆயிரம் கன இடங்கள் கொண்ட ஒரு கனசதுரத்தை முதலில் வடிவமைத்து, வேண்டாத இடத்துச் செங்கற்களைக் கலவையில் போடாமல் விட்டுவிடுவார்கள். மிச்சம் வடிவமாக எழும். அப்படி 102 வடிவங்கள். இது வேலை செய்யாது என்றே பலர் நினைத்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான துண்டுகள் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் கட்டத் தொடங்கினால் துண்டுகள் தீர்ந்து எல்லாம் பாதிக் கட்டடங்களாக நின்றுவிடும் அல்லவா? எட்டெழுத்துப் பிடியின் பலவீனம்தான் காப்பாற்றியது என்று தெரிகிறது. இரண்டு மூன்று செங்கற்கள் சேர்ந்த சிறு குழுக்கள் நிலைக்காமல் கலைந்துவிடுவதால் புதிய கட்டடம் தொடங்குவதே அரிது. தொடங்கிவிட்டால் வளர்வது வேகம். ஆகவே தொடங்கியவை முடிகின்றன. அதே ஆண்டு மியூனிக்கில் ஹென்ட்ரிக் டீட்ஸ் குழு இன்னொன்றைக் கண்டது: ஒவ்வொரு ஓரிகாமிக்கும் அதற்கே உரிய குறுகிய வெப்ப எல்லை உண்டு, அந்த வெப்பத்திலேயே நிறுத்தி வைத்தால் நாள்கணக்கில் ஆறவைத்த சிக்கலான வடிவங்கள் நிமிடங்களில் மடிகின்றன.

எழுத்துப் பொருத்தத்தோடு வேறு விசைகளையும் கலக்கலாம். மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஹனாடி ஸ்லைமன் குழு இந்த வழியில் போனது. டி.என்.ஏ. நீரை விரும்பும் பாலிமர். அதன் முனையில் நீரை வெறுக்கும், எண்ணெய் குணமுள்ள கிளைச் சங்கிலிகளைக் கோத்தால், ஒரே மூலக்கூறில் இரண்டு சுபாவம். உயிரணுவின் சவ்வும் இப்படி இரண்டு சுபாவமுள்ள மூலக்கூறுகள் நீரில் தம்மைத் தாமே அடுக்கிக்கொண்டதுதான். 2013-இல் இவர்கள் டி.என்.ஏ. கனசதுரத்தின் ஒரு முகத்தில் மட்டும் நான்கு எண்ணெய்ச் சங்கிலிகளைப் பொருத்தினார்கள். நீருக்குப் பயந்த அந்த முகங்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பி, கனசதுரங்கள் ஜோடி ஜோடியாக ஒட்டின. எதிரெதிர் முகங்கள் இரண்டிலும் பொருத்தியபோது சங்கிலிகள் கூட்டுக்குள்ளேயே மடிந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. கனசதுரத்தின் வயிற்றில் ஒரு எண்ணெய்த் துளி. நீரில் கரையாத மருந்துபோன்ற சிறு மூலக்கூறுகள் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும், குறிப்பிட்ட டி.என்.ஏ. இழை வந்து கூட்டைப் பிரித்தால் வெளியே கொட்டும். சங்கிலி எத்தனை என்பதைவிட எங்கே என்பது முடிவு செய்கிறது. சாதாரணப் பாலிமர் வேதியியலில் இந்த அளவு இடக் கட்டுப்பாட்டை நினைத்தும் பார்க்க முடியாது.

அதே குழு 2016-இல் இன்னும் விநோதமான ஒன்றைச் செய்தது. நீச்சல் குளத்துக் குளோரின் வெயிலில் வீணாகாமலிருக்கப் போடும் சயனூரிக் அமிலத்தை, அடினைன் மட்டுமே உள்ள டி.என்.ஏ. இழைகளோடு கலந்தார்கள். அந்த அமில மூலக்கூறுக்கு மூன்று பக்கங்கள், மூன்றும் தைமின் முகத்தை ஒத்தவை. ஆகவே மூன்று அடினைன் இழைகளை ஒரே நேரத்தில் பிடித்தது. மூன்று அடினைனும் மூன்று அமிலமும் ரோஜா இதழ்போல ஆறு பேர் வட்டமாக அமர, வட்டத்தின்மேல் வட்டமாக மும்மைச் சுருள் உருவாகி, நுண்ணோக்கியில் நீண்ட நார்களாகத் தெரிந்தது. வாட்சனும் கிரிக்கும் சொன்ன ஜோடி விதிக்கு வெளியிலும் டி.என்.ஏ.வுக்கு வாழ்க்கை உண்டு.

விதிக்கு வெளியே உள்ள இன்னொரு மடிப்புதான் இந்தத் துறையை உயிரணுவுக்குள் கொண்டுபோனது. அதைச் செய்தவர் யமுனா கிருஷ்ணன். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் படித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சைட்டோசின் மிகுந்த இழை அமிலம் கூடினால் நான்கு இழைகளாகத் தனக்குள் மடிந்துகொள்ளும். அமிலம் குறைந்தால் விரியும். பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தில் அவர் குழு இந்தப் பண்பைக் கொண்டு ஒரு டி.என்.ஏ. இடுக்கியைச் செய்து, இரு நுனியிலும் ஒளிரும் சாயம் கட்டி, பழ ஈயின் உயிரணுக்களுக்குள் செலுத்தியது. உயிரணு வெளியிலிருந்து விழுங்கும் பொருளைப் பைகளில் போட்டு, பை உள்ளே போகப் போக அமிலத்தைக் கூட்டும். இடுக்கி மூடுவதும் சாயத்தின் நிறம் மாறுவதும் அந்த அமில மாற்றத்தைப் பை பையாகக் காட்டின. 2009-இல் வந்த வேலை இது. இரண்டு வருடத்தில் உயிருள்ள புழுவுக்குள்ளும் அளந்தார்கள். கிருஷ்ணன் பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அளக்கும் வேலைக்கு டி.என்.ஏ. வடிவங்கள் உண்மையிலேயே உதவுகின்றன என்பது என் எண்ணம். மிக நுண்ணிய நுண்ணோக்கிகளைச் சரிபார்க்க, தெரிந்த இடைவெளியில் ஒளிப்புள்ளிகள் பதித்த ஓரிகாமி அளவுகோல்கள் விற்பனையிலேயே உள்ளன. முன்னே சொன்ன ஒரு நொடிப் பிடிப்பு இருக்கிறதே, எட்டொன்பது எழுத்து ஒட்டிக் கழல்வது, அதையே மினுக்கும் விளக்காக்கி உயிரணுவின் உறுப்புகளைப் படம்பிடிக்கும் முறையும் நன்றாக வளர்ந்துவிட்டது.

மருந்து விஷயத்தில் ஆரவாரம் அதிகம், கைக்கு வந்தது குறைவு. 2009-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் மூடியுள்ள பெட்டி செய்தார்கள், சரியான டி.என்.ஏ. சாவி வந்தால் மூடி திறக்கும். 2012-இல் ஹார்வர்டில் குறிப்பிட்ட உயிரணுக்களைக் கண்டால் மட்டும் திறந்து உள்ளிருக்கும் பொருளைக் காட்டும் பீப்பாய் வந்தது. செய்தித்தாள்கள் 'நானோ ரோபோ' என்று எழுதின. சோதனைக் குழாய்க்கும் ரத்தத்துக்கும் வெகு தூரம். ரத்தத்தில் மெக்னீசியம் குறைவு, டி.என்.ஏ.வை வெட்டிப் போடும் நொதிகள் தாராளம். அந்நிய டி.என்.ஏ.வைக் கண்டால் நோயெதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ளும்.

டீட்ஸ் குழு இதற்குச் செய்த வேலை சுவாரசியமானது. 2021-இல் அவர்கள் முக்கோணத் துண்டுகளால் வைரஸ்களின் உறையைப் போன்ற பெரிய கூடுகளைக் கட்டினார்கள். அரைக் கூட்டின் உட்புறத்தில் வைரஸைப் பிடிக்கும் மூலக்கூறுகள்; உள்ளே விழுந்த வைரஸ் வெளி உயிரணுவைத் தொட முடியாது. உடலில் இது தாங்க வேண்டுமே. கூடு முழுதாகக் கட்டி முடிந்தபின் புற ஊதாக் கதிரைக் காட்டுகிறார்கள். நம் தோலின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்த தைமின்களை ஒட்டவைத்துக் கேடு செய்யும் அதே கதிர். இங்கே வேண்டிய இடங்களில் தைமின்களை அருகருகே வைத்திருப்பதால் அது பற்றவைக்கும் வேலையைச் செய்கிறது. அதன்மேல் நேர்மின் சுமையுள்ள பாலிமர் ஒன்றைப் போர்த்துகிறார்கள். கட்டும்வரை பிரியக்கூடிய பிணைப்பு, கட்டி முடித்தபின் பிரியாத பிணைப்பு. இந்த வரிசையை மாற்றினால் எதுவும் நடக்காது.

சீமன் கேட்ட படிகமும் வந்தது, 2009-இல். முக்கோணமாகப் பின்னிய மூன்று சுருள்கள் முப்பரிமாணத்திலும் கைகோத்து, வெறும் கண்ணுக்குத் தெரியும் படிகங்களாயின. கால் மில்லிமீட்டர் வரை. யோசனைக்கும் படிகத்துக்கும் இடையே ஏறக்குறைய 30 ஆண்டுகள். அடுத்த ஆண்டு அவருக்கு காவ்லி பரிசு கிடைத்தது. ஆனால் புரதத்தை அந்தப் படிகத்தில் உட்கார வைத்து வடிவம் பார்க்கும் மூலத் திட்டம் அவர் எண்ணிய அளவுக்குப் பலிக்கவில்லை. அதற்குள் புரதங்களை உறைய வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் முறை முன்னேறி, 2017-இல் நோபல் பரிசையும் வாங்கிவிட்டது. புரதத்தின் வடிவத்தைக் கணினி கணித்துச் சொல்லும் முறைக்கு 2024-இல் நோபல். சீமன் 2021 நவம்பரில் காலமானார்.

இனி விலை. இருநூறு ஸ்டேப்பிள்களை வேதியியல் முறையில் தயாரித்து வாங்கினால் ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகும், மருந்துக்கு ஆகாது. 2017-இல் டீட்ஸ் குழு ஸ்டேப்பிள்கள் அத்தனையையும் ஒரே நீண்ட இழையில் வரிசையாக எழுதியது. ஒவ்வொரு ஸ்டேப்பிளுக்கும் நடுவே, துத்தநாகம் கிடைத்தால் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டு ஒன்று. இந்த நீண்ட இழையைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, மருந்து நிறுவனங்கள் பயன்படுத்துவது போன்ற நொதிக்கலனில் வளர்த்து, முன்னே சொன்ன எம்13 வகை வைரஸ் துகள்களில் அதன் பிரதிகள் வெளிவந்ததும் பிரித்தெடுத்தார்கள். துத்தநாகம் சேர்த்தபோது இழை தானே ஸ்டேப்பிள்களாக உதிர்ந்தது. பிறகு அவற்றை முதுகெலும்பு இழையோடு மெக்னீசியம் நீரில் போட்டுச் சூடாக்கி ஆறவைத்தார்கள்.